கம்பத்தில் சாய்ந்து நின்ற கோல்கீப்பர்

பாடாங் மைதானத்தில் கோல் கம்பத்தின் மேல் தோளைச் சாய்த்துக்கொண்டு, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றேன். எனக்கு இடப்பக்கம் எட்டு கஜ அகலத்துக்குக் கோல் திறந்து கிடந்தது. உள்ளே ஈ காக்கை இல்லை. பன்னிரண்டு கஜம் தள்ளி, எங்கள் ஆபீஸ் சின்ன துரை பந்தைத் தரையில் வைத்துவிட்டு நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். ரெஃபரியைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார்.

நான் அவரைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பை நினைத்தால் இந்த வயதிலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது. வாயில் அப்போது உப்புக்கரித்தது. கடல் காற்று வேலியோரத்துக் கச்சாங் பூத்தேக்காரனின் வறுத்த கடலை வாசனையைக் கொண்டுவந்து முகத்தில் போட்டது. இத்தனை வருடத்தில் எத்தனையோ கோலை மறந்துவிட்டேன். இதை மட்டும் மறக்க முடியவில்லை.

பெனால்டியைத் தடுப்பது எப்படி என்று எழுதும்படி இரண்டு மூன்று வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். தாராளமாக எழுதுகிறேன். ஆனால் நான் தடுக்காமல் விட்ட ஒன்றைப் பற்றித்தான் எழுதுவேன். கோபத்தோடுதான் எழுதுவேன். பிடிக்காதவர்கள் அடுத்த பக்கத்தில் சமையல் குறிப்பு இருக்கிறது, அதைப் படித்துக்கொள்ளலாம்.

பலகை நடை

முதல் உலகச் சண்டை முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நான் பினாங்குத் துறைமுகத்தில் சரக்கு எண்ணும் கிராணி. காலையிலிருந்து சாயங்காலம் வரை கையில் பென்சிலோடு நின்று, தொங்கானிலிருந்து இறங்கும் மூட்டைகளுக்குக் கோடு போடுவது வேலை. தொங்கான் என்றால் கப்பலுக்கும் கரைக்கும் நடுவே சரக்கு ஏற்றிப் போகும் பெரிய படகு. அதில் மூட்டை தூக்குகிறவர்களில் ஒருவன்தான் மாணிக்கம். என்னைவிட மூன்று வயது இளையவன்.

அவன் மூட்டை தூக்குவதைப் பார்க்க வேண்டும். தொங்கானுக்கும் கரைக்கும் இடையே ஒரு சாண் அகலப் பலகை. அது ஆடும். தலையில் அரிசி மூட்டை. மற்றவர்கள் காலைப் பார்த்து, தண்ணீரைப் பார்த்து, பலகை நடுவில் ஒரு கணம் தயங்கி, பிறகு ஓடுவார்கள். மாணிக்கம் ஏறுவதற்கு முன்பே எத்தனை அடி என்று முடிவு பண்ணிவிடுவான். ஏறிவிட்டால் நிற்கமாட்டான், கீழே பார்க்கமாட்டான்.

பெனால்டி அடிப்பதும் அப்படித்தான். ஐந்து அடி நடை. வெறுங்கால். பந்தின் தோல் நாடா காலில் படக்கூடாது என்பதற்காக நாடா கட்டிய பக்கத்தை என்னைப் பார்த்துத் திருப்பி வைப்பான். நாடா அங்கே இங்கே என்று கூச்சல் போட்டு அவனைக் குழப்பப் பார்ப்பேன். காதில் விழாத மாதிரி இருப்பான். ஒரு தடவைகூட மனதை மாற்றி நான் பார்த்ததில்லை. நடு வழியில் மனதை மாற்றுகிறவன் கோல் போடமாட்டான். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை, பலகையைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

இடுப்பைப் பாருங்கள்

வேலை முடிந்ததும் கிட்டங்கிக்குப் பின்னால் எங்களுக்கு ஒரு சுவர் இருந்தது. கரியால் கோல் வரைந்திருந்தோம். நாளுக்கு இருபது பெனால்டி. அவன் அடிப்பான், நான் தடுப்பேன். ஆரம்பத்தில் இருபதும் சுவரில் போய்ப் பட்டது. ஒரு வருடம் போனபின் எட்டு, ஒன்பது என் கையில் சிக்கியது.

எப்படிச் சிக்கியது? கண்ணைப் பார்க்காதீர்கள். கண் பொய் சொல்லும். கடைசி அடியில் ஊன்றுகிற காலைப் பாருங்கள், அதற்கு மேலே இடுப்பைப் பாருங்கள். இடுப்பு எந்தப் பக்கம் திரும்புகிறதோ பந்து அந்தப் பக்கம்தான் போகும். பொறுமை வேண்டும். இப்போதைய பையன்கள் விசில் ஊதுவதற்கு முன்பே ஒரு பக்கம் குதித்துப் படுத்துவிடுகிறார்கள். தடுத்தால் வீரன், தடுக்காவிட்டால் விதி என்கிறார்கள். விதியாவது மண்ணாங்கட்டியாவது. பார்க்கச் சோம்பேறித்தனம், அவ்வளவுதான். எங்கள் காலத்தில் உதைக்கும் முன்பே கோட்டின் மேல் இப்படியும் அப்படியும் நகர்ந்து கண்ணாமூச்சி காட்டலாம். அசையாமல் நிற்க வேண்டும் என்ற சட்டம் பிறகுதான் வந்தது. அப்படி நகர விட்ட காலத்திலும் நான் கடைசி அடி வரை காத்திருப்பேன்.

மாணிக்கத்துக்கு ஒரே ஆசைதான் இருந்தது. சிங்கப்பூருக்குப் போகும் பினாங்கு அணியில் இடம் வேண்டும்.

"அண்ணே, தொங்கான்ல இருந்து பாத்தா பாடாங்ல ஆடுறவங்க எறும்பு மாதிரி தெரிவாங்க. ஒரு தடவையாச்சும் அங்க நின்னு தொங்கானைப் பாக்கணும்லா," என்பான்.

அந்த வருடம் முன்வரிசையில் ஒரு இடம் காலி. துறைமுகத் தமிழர்களான எங்கள் அணியைத் துரைமார் அணி முதல் தடவையாகப் பாடாங்கில் ஆட அழைத்திருந்தது. ஆள் பொறுக்கும் கமிட்டி வந்து நாற்காலி போட்டு உட்காரும். துரைமார் அணியின் கேப்டனான எங்கள் சின்ன துரையே அந்தக் கமிட்டியில் ஒருவர். மாணிக்கத்துக்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று நாங்கள் இருவரும் நம்பினோம்.

கனவான் சட்டம்

இப்போது எங்கள் கேப்டனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிறேன்.

பெயர் ஞானமுத்து. ஆபீசில் பெரிய கிராணி, எனக்கு மேலதிகாரி. மாதா கோவிலில் முதல் பெஞ்சு. நான்கு மணியானால் சாஸரில் ஊற்றாமல் கோப்பையிலேயே டீ குடிப்பார். வெயிலில் பொசுங்கினாலும் கம்பளிக் கோட்டைக் கழற்றமாட்டார். எங்கள் அணியிலேயே காலில் பூட்ஸ் போட்டு, ஷூ பாலிஷ் போட்ட கையோடு, பந்து பக்கமே போகாமல் ஆடியவர் அவர் ஒருவர்தான்.

அவர் சின்னக் கிராணியாக இருந்தபோது ஒரு கிழட்டுத் துரை இருந்தாராம். நான் பார்த்ததில்லை. நான் வேலைக்குச் சேருமுன்பே கப்பலேறிச் சீமைக்குப் போய்விட்டார். அந்தக் கிழவர் ஒரு நாள் பைப் புகைத்துக்கொண்டே இவரிடம் சொல்லியிருக்கிறார்: "எங்கள் காலத்தில் கனவான் பெனால்டியில் கோல் போடமாட்டான். வேண்டுமென்றே வெளியே உருட்டிவிடுவான். எதிரணிக் கோல்கீப்பரும் கம்பத்தோரம் ஒதுங்கி நிற்பான். கனவான்கள் வேண்டுமென்றே ஃபவுல் ஆடுவார்கள் என்று பெனால்டி கொடுப்பதே அவமானம் அல்லவா?"

கிழவருக்கு அது இளமைக்காலப் பெருமை. எங்கள் பெரிய கிராணிக்கோ அது வேதவாக்கு. அந்தத் துரை போனபின் பாடாங்கில் துரைமார் அடித்த பெனால்டி ஒவ்வொன்றும் வலைக்குள்தான் போயிற்று. வேலிக்கு வெளியே நின்று நாங்களே கண்ணால் பார்த்திருக்கிறோம். அவரும் பார்த்திருக்கிறார். அதற்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தார். எதிரே நின்ற கோல்கீப்பர்கள் ஒதுங்கி நிற்கவில்லையாம், அதனால்தான் துரைமார் கோல் போட்டார்களாம். நாம் மரியாதை காட்டினால் அவர்களும் காட்டுவார்களாம்.

துரைமாரே விட்டெறிந்துவிட்ட பழைய சட்டையை எடுத்து, தோய்த்து, இஸ்திரி போட்டு, அவர்கள் முன்னாலேயே போட்டுக்கொண்டு நின்ற ஆள் இவர். எங்களையும் போட வைத்தார். அதுதான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அங்சானா மரத்தடி

ஆட்டத்தின் பாதி வரை கோல் இல்லை. மாணிக்கம் இரண்டு தடவை கம்பத்தில் அடித்தான். கமிட்டி நாற்காலியில் இருந்த சீன முதலாளி, தவுக்கே, எழுந்து நின்று பார்த்தார். இடைவேளையில் அங்சானா மரத்தடியில் மற்றவர்கள் ஐஸ் கட்டியைக் கழுத்தில் தேய்த்துக்கொண்டிருக்க, பெரிய கிராணி என்னையும் மாணிக்கத்தையும் மட்டும் தனியே கூப்பிட்டார்.

"ரெண்டு பேரும் கேட்டுக்குங்க. பெனால்டி கெடச்சா மாணிக்கம் வெளிய அடிக்கணும். நமக்கு எதிரா குடுத்தா சூசை கம்பத்தோரம் போய் நிக்கணும். துரையும் வெளியதான் அடிப்பாரு. இதான் ஜென்டில்மேன் ஆட்டம்."

மாணிக்கம் அவரையே பார்த்தான். "கோல் போட வேணாமா ஐயா?"

"பெனால்டில போடுறது அசிங்கம்லா."

"அப்ப ரெஃபரி எதுக்கு ஊதிக் குடுக்குறாரு?"

"உனக்குப் புரியாது. சொன்னதச் செய்."

"கமிட்டி பாக்குது ஐயா. ஒரு கோல் போட்டா…"

"கமிட்டில யாரு? துரைமாருதானே? நீ வெளிய அடிச்சாத்தான் அவங்களுக்கு உன்னைப் புடிக்கும். மூட்டை தூக்குறவன்கிட்டயும் இவ்வளவு பண்பு இருக்கான்னு நெனப்பாங்க. எனக்குத் தெரியாத துரையா?"

மாணிக்கம் என் பக்கம் திரும்பினான். நான் இங்கிலீஷ் படித்தவன், நான் என்ன சொன்னாலும் கேட்டிருப்பான். நான் குனிந்து முழங்கால் துணியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன்.

தப்பாக அடிப்பதும் வித்தைதான்

இருபது நிமிடம் கழித்து எங்களுக்குப் பெனால்டி கிடைத்தது. சட்டத்தில் எழுதி வைத்த மாதிரிச் சுத்தமான பெனால்டி. வேலிக்கு வெளியே தமிழ்ச் சனம் தொண்டை கிழியக் கத்தியது.

மாணிக்கம் நாடாவைத் திருப்பி வைத்தான். ஐந்து அடி பின்னால் போனான். துரைமார் அணியின் கோல்கீப்பர் நட்ட நடுவில், கைகளை விரித்து, குத்துச்சண்டைக்காரன் போல நின்றார். கம்பத்தோரம் ஒதுங்குகிற எண்ணம் அவருக்குக் கனவில்கூட இல்லை. அதைப் பார்த்தாவது எங்களுக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

வேண்டுமென்று வெளியே அடிப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. மெதுவாக, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உருட்ட வேண்டும். அதை மாணிக்கத்துக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பிறந்ததிலிருந்து கோலுக்குள்ளேயே அடித்த கால் அது. முதல் நான்கு அடியும் கோலுக்காகவே நடந்தான். எதிர்க்கோடியில் இருந்தும் எனக்கு அது தெரிந்தது. ஐந்தாவது அடியில் பெரிய கிராணியின் பேச்சு ஞாபகம் வந்திருக்க வேண்டும். இடுப்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். பெருவிரல் மண்ணைக் கிளப்பியது. பந்து கோணிக்கொண்டு கொடிக்கம்பத்துப் பக்கமாக எங்கோ போனது.

பார்த்தவர்களுக்கு அது பண்பாகத் தெரியவில்லை. பயமாகத் தெரிந்தது. நடுங்கிப்போன ஒருவன் அடித்த பந்து போலத்தான் இருந்தது. துரைமார் கூடாரத்தில் சிரித்தார்கள். எங்கள் ஆட்களே "தூ" என்றார்கள். தவுக்கே உட்கார்ந்துவிட்டார். மாணிக்கம் இரத்தம் வடிகிற விரலோடு நொண்டிக்கொண்டு திரும்பி வந்தான். பெரிய கிராணி அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார்!

ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது எங்கள் ஆள் ஒருவன் கையில் பந்து பட்டது. துரைமாருக்குப் பெனால்டி. பெரிய கிராணி என்னைப் பார்த்துக் கம்பத்தைக் காட்டினார். மாணிக்கம் பட்ட அவமானத்தைக் கண்ணால் பார்த்த பிறகும், மாட்டைப் போல அந்தப் பக்கம் போய் நின்றேன்.

இப்போது மறுபடி அந்த இடத்துக்கு வருகிறேன். சின்ன துரை குழப்பத்தோடு என்னைப் பார்த்தார். உள்ளே போ என்பது போல ஒரு தடவை கையைக் காட்டினார். நான் சிரித்தேன். ரெஃபரி ஊதினார். துரை தோளைக் குலுக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

கடைசி அடி. ஊன்றுகால். இடுப்பு. நான் படித்துவிட்டேன். பந்து என் பக்கம்தான் வரப்போகிறது என்று அவர் உதைக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. தரையோடு, வேகம் குறைவாக, என் காலிலிருந்து இரண்டு முழ தூரத்தில் பந்து போனது. கையை நீட்டியிருந்தால் போதும். கட்டிய கையை நான் அவிழ்க்கவில்லை.

வேலியோரம் ஒரு மலாய்க்காரன் தலையைத் தட்டிக் காட்டி, "கிலா! கிலா!" என்று கத்தினான். பைத்தியம் என்று அர்த்தம். அவனுக்குப் பின்னால் ஊரே சிரித்தது.

திங்கட்கிழமை

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்து வந்தபோது மாணிக்கம் கோவில் வாசலில் நின்றிருந்தான். விரலில் துணி சுற்றியிருந்தது.

"அண்ணே, ஆளு பேரு இன்னும் எழுதலையாம். புதன்கிழமைதான் எழுதுவாங்களாம். நான் பயந்து அடிக்கலன்னு துரைகிட்ட நீங்க சொல்லுங்க. நான் பேசினா அந்தத் துவானுக்குப் புரியாது. பெரிய கிராணி சொல்லித்தான் செஞ்சேன்னு ஒரு வார்த்தை. நீங்கதான் பக்கத்துல நின்னு கேட்டீங்க, வேற யாரு இருக்கா?"

"நாளைக்கே சொல்றேன்," என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

திங்கட்கிழமை காலை சின்ன துரையே என்னைக் கூப்பிட்டனுப்பினார். நல்ல மனிதர்தான். கோபிக்கவில்லை, கேலி செய்யவில்லை. முகத்தில் உண்மையான கவலை. "சனிக்கிழமை ஏன் அப்படி ஒதுங்கி நின்றாய்? உடம்பு சரியில்லையா? அப்படிக் கோல் போட எனக்கே கூச்சமாக இருந்தது," என்று இங்கிலீஷில் கேட்டார்.

கிழட்டுத் துரையின் கனவான் சட்டத்தை இந்த மனிதர் கேள்விப்பட்டதே இல்லை! எனக்கு இரத்தம் கொதித்தது. நாக்கு நுனியில் எல்லாம் தயாராக இருந்தது.

துரையின் நாற்காலிக்குப் பின்னால் கையில் கடிதக் கட்டோடு பெரிய கிராணி நின்றிருந்தார். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். என் தம்பிக்கு அதே ஆபீசில் வேலை கேட்டு எழுதிக்கொடுத்த மனு அவர் மேஜையில் கிடந்தது.

"கால் பிசகிவிட்டது, சார்," என்றேன்.

"அடடா. உங்கள் முன்வரிசை ஆட்டக்காரன்? நன்றாக ஆடுகிறான். ஆனால் கமிட்டியில் மற்றவர்கள் தைரியம் போதாது என்கிறார்கள். அவன் பயந்துவிட்டானா?"

இதைவிட நேராக ஒரு கேள்வியை யாரும் கேட்க முடியாது. எட்டு கஜ அகலத்துக்குத் திறந்து வைத்துக் கேட்டார்.

"பயந்துவிட்டான், சார்."

துரை வருத்தத்தோடு தலையசைத்தார். பெரிய கிராணி கடிதக் கட்டைப் பிரித்தார். நான் வெளியே வந்துவிட்டேன்.

சாயங்காலம் மாணிக்கம் கரையோரக் குழாயில் கால் கழுவிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் குழாயை மூடினான். "சொன்னீங்களா அண்ணே?"

"சொன்னேன். துரை நம்பல."

"நம்பலையா?"

"நம்பலடா."

கடல் பக்கம் திரும்பினான். காறித் துப்பினான். "வெள்ளக்காரப் புத்தி அண்ணே. நீங்க என்ன செய்வீங்க? எனக்காகப் போய்ப் பேசுனீங்களே, அதுவே போதும்," என்று என் கையைப் பிடித்துக்கொண்டான்.

பினாங்கு அணி வேறொருவனோடு சிங்கப்பூர் போய் வந்தது. அதன்பின் மாணிக்கம் பெனால்டி அடித்ததே இல்லை. பந்தை வேறு யார் கையிலாவது கொடுத்துவிட்டு முதுகைத் திருப்பிக்கொள்வான். என் தம்பிக்கு வேலை கிடைத்தது. ஞானமுத்துவை ஆள் வைத்து அடிக்கலாமா என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். அவர் செத்த பிறகும் அவர் மேல் எனக்குக் கோபம் தணியவில்லை. ஆனால் அந்த ஆபீஸ் அறையில் ஞானமுத்து வாயைத் திறக்கவே இல்லை. பேசியது நான்.

மாணிக்கம் இப்போது தாசேக் கெலுகோரில் மகள் வீட்டில் இருக்கிறான். போன தீபாவளிக்குப் போயிருந்தேன். பேரப்பிள்ளைகளை உட்காரவைத்துச் சின்ன துரையைத் திட்டித் தீர்த்தான். "இந்த சூசைத் தாத்தா மட்டும்தான் எனக்காகத் துரைகிட்ட மல்லுக்கு நின்னாரு," என்றான். நான் குனிந்து முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தேன். நாற்பது வருடமாக அந்தத் துரை வாங்கிய திட்டு அத்தனையும் எனக்குச் சேர வேண்டியது.

அவனுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. இந்தத் தொடரை வாராவாரம் மகள் கமலம்தான் வாசித்துக் காட்டுகிறாள். கமலம், இந்த இடத்துக்கு வந்ததும் குரலைத் தாழ்த்தாதே அம்மா, பக்கத்தைத் திருப்பிவிடாதே. அப்பாவுக்குக் காது மந்தம். சத்தமாகவே வாசி. துரையிடம் நான் உனக்காகப் பேசவில்லை, மாணிக்கம். நீ பயந்துவிட்டாய் என்று சொன்னவன் நான்தான்.